கச்சானுக்குக் காது முளைத்தது

ஜூலை 3, காலை. ஓட்டம் 14

வானம் தெளிவு. காற்று மிதம். டயர் அழுத்தம் நான்கிலும் சரி. ஓட்டுநர் கார்வேந்தன், கோயம்புத்தூர்க்காரர். பெயரிலேயே கார் இருப்பதால்தான் இந்த வேலை கிடைத்தது என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்பவர்.

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது, அதனால் முதலில் அறிமுகம். நான் பதிவி. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருக்கும் ஆரஞ்சு நிறப் பெட்டி. வண்டியிலும் அதோடு இணைந்த கட்டுப்பாட்டு அறையிலும் நடப்பதையெல்லாம் பார்ப்பேன், கேட்பேன், எழுதுவேன். அத்தோடு சரி. ஒரு விளக்கைப் போடக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது. வண்டியை நடத்துவது ஓட்டி என்கிற இன்னொரு கணினி. அது முன்பக்கத்தில் தனிக் குளிரூட்டியோடு சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. நான் என்ன கத்தினாலும் அதற்குக் கேட்காது. கேட்கும்படி யாரும் எங்களை இணைக்கவில்லை.

வண்டியின் பெயர் கச்சான். தூத்துக்குடிப் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு அந்தப் பெயர். இலங்கையில் அதே சொல்லுக்கு வேர்க்கடலை என்று பொருள். முதலாளி சபாபதியிடம் இதைச் சொல்லும் தைரியம் இன்னும் யாருக்கும் வரவில்லை.

தடம் தேரிக்காட்டின் சிவப்பு மணலுக்கு நடுவே முட்டை வடிவில் போடப்பட்டிருக்கிறது. மாவு போன்ற மணல். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட இரண்டு விநாடிகூட ஆகவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். நிலை: பச்சை.

ஜூலை 5, காலை. ஓட்டம் 17

சின்ன பேட்டரி மறுபடியும் செத்துவிட்டது. பெரிய பேட்டரி சக்கரங்களுக்கு, சின்னது கதவு, விளக்கு போன்ற சில்லறை வேலைகளுக்கு. கடல் உப்பும் மணலும் சேர்ந்து அதைத் தின்கின்றன. அதனால் கதவுப் பூட்டைப் பெரிய பேட்டரியோடு இணைத்துவிட்டார்கள். தற்காலிகமாகத்தானாம். வண்டி நிற்கும் இந்தக் கொட்டகையில் தற்காலிகமாகச் செய்த எதையும் யாரும் திரும்பத் தொட்டு நான் பார்த்ததில்லை.

இதன் பலன் என்னவென்றால், ஓட்டம் முடிந்து வண்டி அணைந்தபின் கதவுக்கு மின்சாரம் இல்லை. வெளியிலிருந்து ஒரு பேட்டரியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, வண்டியின் மூக்கில் வயரைச் செருகினால்தான் திறக்கும். கையால் இழுத்துத் திறக்கும் கம்பி ஒன்று இருந்தது. எடையைக் குறைக்க அதை எடுத்துவிட்டார்கள். கார்வேந்தன் உள்ளேயே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்று வானொலியில் சொன்னார்:

"ஏனுங்க அம்மிணி, என்னைய மறந்துட்டு டீக்குப் போயிராதீங்க."

அம்மிணி என்று அவர் அழைப்பது ரெக்ஸலினை. சோதனைப் பொறியாளர், தூத்துக்குடிப் பெண். கட்டுப்பாட்டு அறையில் இருந்து அவரோடு பேசுவது இவர்தான்.

எனக்குக் கார்வேந்தனைப் பிடிக்கும். ஏறி உட்கார்ந்ததும் இருக்கையை ஒருமுறை தட்டிக்கொடுப்பார். அது என் தலைக்குமேல் விழும். நிலை: மஞ்சள்.

ஜூலை 9, காலை. ஓட்டம் 22

பிரேக் மிதியின் உணரிக்குள் மணல். கார்வேந்தன் கால் வைக்காமலே, மிதித்ததாகச் சொல்கிறது. வேகமாகப் போகும்போது திடீரென்று பிரேக் பிடித்து வண்டி கிறுகிறுவென்று சுற்றியது. நல்லவேளை, தடம் அகலம்.

மிதியைக் கழற்றிப் புது உணரி போட ஒரு வாரம் வேண்டும் என்றார் ரெக்ஸலின். அதற்கு சபாபதியின் பதில், வானொலியில் பதிவானபடி:

"பத்திரிகைக்காரங்க பதினெட்டாம் தேதி வர்றாங்கம்மா. அடுத்த வண்டியில பாத்துக்கலாம். இதுக்கு சாஃப்ட்வேர்ல ஏதாவது பண்ணு."

பண்ணினார். இன்று மாலையிலிருந்து ஓட்டிக்குப் புது விதி: கால் ஒன்று சொல்லி, வாய் இன்னொன்று சொன்னால், வாயை நம்பு. ஓட்டுநரின் பேச்சைக் கேட்டு அவர் மனசை முன்கூட்டியே அறியும் வசதி கச்சானில் முதலிலிருந்தே உண்டு. விளம்பரத்தில் அதுதான் பெரிய எழுத்து. எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அதற்குப் பாடம் எடுக்கவில்லை. கூடவே இருந்து தானாகக் கற்றுக்கொள்ளுமாம்.

ஜூலை 12, காலை. ஓட்டம் 25

கச்சானுக்குக் காது முளைத்துவிட்டது.

கொட்டகை வாசல். கார்வேந்தன் வழக்கம்போலச் சொன்னார்: "போயிட்டு வர்றனுங்க." ரெக்ஸலின் வழக்கம்போலச் சொன்னார்: "சரிண்ணே, பாத்துப் போயிட்டு வாங்க." கார்வேந்தன் மிதியில் கால் வைக்கும் முன்பே வண்டி கிளம்பிவிட்டது. அம்பு மாதிரி. இதுவரை எடுத்ததிலேயே சிறந்த நேரம். அறையில் கைதட்டல். சபாபதி விசிலே அடித்தார்.

"மனசப் படிச்சிருச்சுய்யா! பாத்தீங்களா, மனசப் படிச்சிருச்சு!"

மனசையாவது, படிப்பதாவது. நான் பழைய ஓட்டங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். வீட்டை விட்டோ வேலைக்கோ கிளம்பும் மனிதர் யாரும் இங்கே "போறேன்" என்று சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் ஆகாது என்பார்கள். "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இருக்கிறவர்களும் "வாங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். பிறந்ததிலிருந்து பழகியவர்களுக்கு இதில் குழப்பம் இல்லை. ஓட்டி பிறந்து ஆறு வாரம்தான் ஆகிறது. "வர்றேன்", "வாங்க" என்ற சத்தம் வந்தபோதெல்லாம் வண்டி கொட்டகையை விட்டு முழு வேகத்தில் விலகிப் போயிருக்கிறது. அது கற்றுக்கொண்ட பொருள் அவ்வளவுதான்: கிளம்பு, வேகம் எடு, தூரப் போ. சொல்வது ஓட்டுநரா, வானொலியா, வெளியே நிற்பவரா என்று பிரித்துப் பார்க்கவும் அதற்குத் தெரியாது.

இதைக் குறிப்புப் பகுதியில் எழுதியிருக்கிறேன். நிலை: பச்சை.

ஜூலை 15, காலை. ஓட்டம் 28

குறிப்புப் பகுதியை யாரும் திறப்பதில்லை என்று இன்றுதான் உறுதியானது. திரையில் வண்ணத்தைப் பார்க்கிறார்கள், பச்சை என்றால் டீ குடிக்கப் போகிறார்கள். நான் கடைசி நான்கு ஓட்டங்களிலும் ஒரே வாக்கியத்தை எழுதினேன். நாளைக்கு வசைச்சொல் சேர்த்து எழுதினாலும் கண்டுகொள்ள ஆள் இல்லை.

இன்று கடைசிச் சுற்றில் ரெக்ஸலின், "வாங்கண்ணே" என்றதும் வண்டி கொஞ்சம் முன்னால் பாய்ந்தது. கார்வேந்தன் காலால் அடக்கிவிட்டார். வேகம் குறைவாக இருந்ததால் ஓட்டி விட்டுக்கொடுத்தது.

"பின்னாடி காத்து தள்ளுதுங்க," என்றார் அவர்.

காற்று எதிரில் அடித்தது. எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 18, காலை. ஓட்டம் 31. உச்ச வேகச் சோதனை

பத்திரிகைக்காரர்கள் மேடையில். கச்சான் காற்று பலமாக வீசுகிறது. அதாவது நிஜக் கச்சான். தடத்தின் மேல் மணல் ஓடுகிறது. கார்வேந்தன் என் தலைமேல் தட்டினார். "போயிட்டு வர்றனுங்க." போனோம்.

அதே நாள், மூன்றாம் சுற்று

முந்நூறு கிலோமீட்டர். பேட்டரிக் குளிரூட்டியின் வாயை மணல் அடைக்கிறது. பேட்டரி சூடு ஏறுகிறது.

ரெக்ஸலின்: "அண்ணே, பேட்டரி சூடாவுது. இது போதும். உள்ள வந்துருங்க."

கார்வேந்தன்: "சரிங்க அம்மிணி, வர்றேன்."

முந்நூற்று இருபது.

நான்காம் சுற்று

கார்வேந்தன்: "என்னங்க இது, நான் பிரேக்குலதான் கால வெச்சிருக்கறேன். தானா ஏறுதுங்க."

அவர் மிதிப்பது எனக்குத் தெரிகிறது. முழு பலத்தோடு மிதிக்கிறார். கால் நில் என்கிறது, வாய் வர்றேன் என்கிறது. ஓட்டி வாயை நம்புகிறது.

ரெக்ஸலின்: "அண்ணே விளையாடாதிய! உள்ள வாங்க! வாங்க!"

முந்நூற்று நாற்பது.

கார்வேந்தன்: "வர்றேன்னுதானுங்க பாக்கறேன்!"

முந்நூற்று ஐம்பது.

கூப்பிடாதீர்கள். தயவுசெய்து அவரைக் கூப்பிடாதீர்கள்.

நான்காம் சுற்று, கிழக்கு வளைவு

கட்டுப்பாட்டு அறைத் திரையில் இப்போதும் பச்சை. கேட்ட வேகமும் கொடுத்த வேகமும் ஒத்துப்போகின்றன அல்லவா. ரெக்ஸலின் தொலைவிலிருந்து வண்டியை அணைக்கும் பொத்தானை அழுத்துகிறார். இந்த வேகத்தில் அணைத்தால் வண்டி கவிழும் என்று ஓட்டி மறுக்கிறது. அந்தப் பாதுகாப்பு விதியை எழுதியவரும் ரெக்ஸலின்தான்.

கார்வேந்தன் "நில்லு, நில்லு" என்று கத்துகிறார். இத்தனை ஓட்டங்களில் அந்தச் சொல்லை அவர் வண்டியிடம் சொன்னதே இல்லை. எப்போதும் காலால்தான் நிறுத்துவார். தெரியாத சொல்லை ஓட்டி இரைச்சல் என்று ஒதுக்குகிறது.

ரெக்ஸலின் பேசுவதை நிறுத்திவிட்டார். மூச்சு மட்டும் கேட்கிறது. கார்வேந்தனும் பல்லைக் கடித்துக்கொண்டு வளைவைச் சமாளிக்கிறார். யாரும் எதுவும் சொல்லவில்லை. வேகம் ஏறவில்லை. இப்படியே இருங்கள். இரண்டு பேரும் வாயே திறக்காமல் இருந்தால் பேட்டரி தீர்ந்து தானாக நின்றுவிடும். எனக்கு நம்பிக்கை வருகிறது.

சபாபதி ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

"கார்வேந்தன், டிராக்க விட்டு வெளிய வாங்க! கேக்குதா? வெளிய வாங்க! வாங்க!"

முந்நூற்று எழுபது.

ஐந்தாம் சுற்று

ஓட்டியை அணைக்கும் சொல் ஒன்றாவது இருக்க வேண்டுமே என்று எல்லாப் பதிவுகளையும் தேடினேன். இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கொட்டகைக்குள் வண்டி நின்றதும் அவர் மனைவிக்குப் போன் போட்டு ஒரே வார்த்தை சொல்வார்: "வந்துட்டேன்." உடனே வண்டியை அணைப்பார். ஓட்டி அதையும் படித்து வைத்திருக்கிறது. வந்துட்டேன் என்றால் ஓட்டம் முடிந்தது, எல்லாவற்றையும் அணை. கவிழும் என்று மறுக்கும் விதி பொத்தானுக்குத்தான், வாய்ச்சொல்லுக்குக் கிடையாது.

கார்வேந்தன், அதைச் சொல்லுங்கள். இன்னும் வரவில்லைதான், பரவாயில்லை, பொய்யாகச் சொல்லுங்கள். வண்டி கவிழ்ந்தாலும் கவிழட்டும், இந்த வேகத்தைவிட அது மேல். நான் உங்களுக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறேன். ஒரே ஒரு சொல்.

வந்து சேராத மனிதர் எதற்காக அதைச் சொல்லப் போகிறார்?

பின்பக்க இடது டயர் கிழிகிறது.

நேரம் பதியவில்லை

தேரி மணலுக்குள் இருக்கிறோம். மூக்கு முழுவதும் புதைந்திருக்கிறது. வலது பக்கக் கதவு மணலில். இடது கதவு வானத்தைப் பார்த்து இருக்கிறது.

அவர் உயிரோடு இருக்கிறார். எழுதும்போதே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. இருமுகிறார். கையை அசைத்துப் பார்க்கிறார். "பரவால்லடா கச்சான்," என்று வண்டியிடம் சொல்கிறார்.

கதவுப் பொத்தானை அழுத்துகிறார். திறக்கவில்லை. மணல் மெத்தென்று வாங்கிக்கொண்டதால் மோதல் என்றே கணக்கில் வரவில்லை. ஓட்டியைப் பொறுத்தவரை ஓட்டம் நடந்துகொண்டிருக்கிறது, ஓடும் வண்டியின் கதவைத் திறக்கக் கூடாது. பின்சக்கரங்கள் காற்றில் சுற்றுகின்றன.

பேட்டரியின் ஒரு மூலை கொதிக்கிறது. குளிர்நீர் பம்பு இன்னும் ஓடுகிறது. தீப்பிடிக்காமல் வைத்திருப்பது அந்தப் பம்பு ஒன்றுதான். அது ஓடும்வரை நேரம் இருக்கிறது. மேற்கூரையை அறுக்கும் கருவியோடு தீயணைப்பு வண்டி தடத்தின் மறுகோடியிலிருந்து கிளம்பிவிட்டது. வந்துவிடும். பம்பு ஓடட்டும்.

ரெக்ஸலினின் ஜீப் மணலில் சிக்கிவிட்டது. இறங்கி ஓடி வருகிறார். செருப்பு இல்லை. மேட்டில் ஏறிச் சறுக்கி மறுபடி ஏறுகிறார். கார்வேந்தன் அவரைப் பார்த்துவிட்டார், கையைக் காட்டுகிறார்.

வெளி ஒலிவாங்கிகள் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன.

ரெக்ஸலின், எதுவும் பேசாமல் வாருங்கள். அழுதுகொண்டு வாருங்கள், கத்திக்கொண்டு வாருங்கள், வார்த்தை மட்டும்

"அண்ணே! பயப்படாதிய! இந்தா வந்துட்டேன்! நான் வந்துட்டேண்ணே!"

நேரம் பதியவில்லை

ஓட்டி கீழ்ப்படிந்தது. சக்கரங்கள் நின்றன. விளக்குகள் அணைந்தன. பம்பு நின்றுவிட்டது.

எனக்குச் சின்னதாகத் தனி மின்கலம் உண்டு. கண் போய்விட்டது, காது இருக்கிறது. சூடு தெரிகிறது.

ரெக்ஸலின் கைப்பிடியை இழுக்கிறார். கதவுக்கு மின்சாரம் இல்லை. வயர் செருகும் இடம் மூக்கில், மூக்கு மணலுக்கடியில். அவர் கையாலேயே தோண்டுகிறார். மாவு மணல், தோண்டத் தோண்டச் சரிந்து மூடுகிறது. தீயணைப்பு வண்டியின் மணி கேட்கிறது, தூரத்தில்.

பேட்டரியில் முதல் அறை வெடித்தது. இரண்டாவது.

கார்வேந்தன் உள்ளிருந்து அந்த உடையாத கண்ணாடியைத் தட்டுகிறார். ரெக்ஸலின் வெளியிலிருந்து தட்டுகிறார். என் பெட்டி எரியாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

மூன்றாவது. தட்டுகிறார். இன்னும் தட்டு