பாசித் தொட்டியைக் கழுவிய கதை

அன்பு மகளுக்கு,

அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே வேறு குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

நாலு நாள் என்னோடு பேசாமல் இருந்த உன் அம்மா நேற்றுதான் வாய் திறந்தாள். நிலத்திலும் நீரிலும் எது எதை நம்பிப் பிழைக்கிறது என்று வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தாள், ஒன்றில் மண்ணும் சருகும் மண்புழுவும், மற்றதில் குளத்துத் தண்ணீரும் நத்தையும் மூன்று குட்டி மீனும். விடுமுறைக்கு இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முப்பது வருஷம் மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவியே பிழைத்தவன் நான், பாசியைக் கண்டால் கை சும்மா இருக்குமா. அவள் கடைக்குப் போன நேரத்தில் பிரஷ் போட்டுத் தேய்த்து, வண்டலை வழித்துக் கொட்டி, குழாய்த் தண்ணீரை நிரப்பி, பிளீச்சிங் பவுடரும் ஒரு சிட்டிகை போட்டேன். பாராட்டுவாள் என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் வருவதற்குள் மீன்கள் மல்லாந்து மிதந்தன. “அழுக்குன்னு நீங்க வழிச்சுக் கொட்டினதுதாங்க அதுங்களுக்குச் சோறும் மூச்சும்” என்றாள்.

புது மீன் வாங்கி விட்டுவிடலாம், பிள்ளைகளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. திங்கட்கிழமை பள்ளி திறந்ததும் நானே இரண்டு தொட்டியோடும் அவள் பின்னால் வகுப்புக்குப் போய், நான்தான் கொன்றேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். மீன்களுக்குப் பெயர் வைத்திருந்த ஒரு வாயாடி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “தாத்தா, மண்ணுத் தொட்டியையும் கழுவிட்டீங்களா” என்று கேட்டாள். இல்லை என்றதும் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். மறுநாள் எல்லாரும் குளத்துக்குப் போய் வண்டலோடு தண்ணீர் மொண்டு வந்தோம். வாளி தூக்கியது நான், வடிகட்டக் கூடாது என்று எனக்கு மட்டும் உன் அம்மாவின் தனி உத்தரவு.

அந்த வகுப்பில் நின்றபோது உன் ஞாபகம் வந்தது. எட்டு வயதில் டப்பாவில் தலைப்பிரட்டை வளர்த்தாயே, கால் முளைத்துக் குதித்துப் போய்விட்டன என்று சொன்னேன், நீயும் சந்தோஷமாக மூன்று நாள் தோட்டமெல்லாம் தேடினாய். அவை எங்கும் போகவில்லை கண்ணு. தண்ணீர் நாறுகிறது என்று நான்தான் சாக்கடையில் கொட்டினேன். ஊரார் பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டவன் உன்னிடம் மறைப்பது சரியில்லை. திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழுங்கள். பேரன் டப்பாவில் எதையாவது வளர்த்தால் நாறினாலும் கொட்டாதே. கொட்டிவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு.

இப்படிக்கு,
இருபத்தாறு வருஷம் தாமதமாக,
உன் அப்பா