இரண்டாவது கலசத்தின் மணிகள்

இன்று காலை குளிர் உடுப்புகளை எடுக்க அலுமாரியைத் திறந்தபோது, உங்கள் சாம்பல் நிறச் சுவெற்றரிலிருந்து வெள்ளி மினுக்கும் பசையின் வாசம் வந்தது. தோய்த்துத்தான் வைத்திருந்தேன், போகவில்லை. அதை முகத்தில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தேன். வேலைக்குப் பிந்திவிட்டது.

நீங்கள் வெள்ளி வேலை செய்பவர் என்று அறிந்தால், ஜெர்மனியில் இந்தப் பீலெஃபெல்ட் நகரத்தில் எங்கள் சனங்கள் கொலுசு செய்து தருவீர்களா என்று கேட்பார்கள். "இல்லை, நான் யூத ஆக்களின்ரை வழிபாட்டுச் சாமான் செய்யிறன்" என்பீர்கள். அதற்குமேல் என்ன கேட்பதென்று அவர்களுக்குத் தெரியாது. வைன் கிண்ணம், வாசனைப் பொருள் வைக்கும் சின்னக் கோபுரம், வேதச் சுருளை விரல் படாமல் வாசிக்க உதவும் வெள்ளிக் கோல் என்று நீங்களும் பட்டறைத் தோழி பிர்கிட்டும் தட்டித் தட்டி உருவாக்கினீர்கள். புதிதாக ஒன்று தொடங்கும் நாளில் வீட்டில் மச்சம் சமைக்க விடமாட்டீர்கள். "எந்தச் சனத்தின்ரையெண்டாலும் சாமிச் சாமான்தானே" என்பீர்கள்.

சுத்தியல் சத்தம் உங்கள் காதை மெல்ல மெல்லத் தின்றது. மெல்லிய ஒலிகள்தான் முதலில் போயின. அதன்பிறகு மணி வேலை வந்தால் வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். குசினி மேசையில் ஒவ்வொன்றாக ஆட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பீர்கள்.

"சொல்லும், ஒத்துப்போகுதோ?"

"இது கொஞ்சம் தடிச்சுக் கேக்குது."

"தடிச்செண்டால்?"

"தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச ஆள் கதைக்கிற மாதிரி."

சிரித்துக்கொண்டே அதை மட்டும் வேறாக எடுத்து வைப்பீர்கள், மறுநாள் அராவ.

கடைசியாக வந்தது எங்கள் நகரத்து யூதச் சபையின் வேலை. வேதச் சுருளின் இரண்டு கைப்பிடிகளின் உச்சியிலும் செருகுகிற, மணிகள் தொங்கும் ஒரு சோடி வெள்ளிக் கலசங்கள். முதலாவதை முடித்தீர்கள். அதன் மணிகள் எல்லாவற்றையும் நான் கேட்டு ஓம் சொன்னேன். இரண்டாவது வெறும் தகடாக இருக்கும்போதே உங்கள் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள்.

"மற்றதைப் பிர்கிட் செய்யட்டும். ஆனா மணியை நீர் கேட்டுத்தான் கட்டவேணும். அவவிட்டைச் சொல்லிப்போட்டன்" என்றீர்கள், கடைசி வாரத்தில்.

"நீங்களே எழும்பி வந்து செய்யுங்கோ."

"இனி ஏலாதப்பா."

முப்பத்தோராம் நாள் உங்கள் அந்தியேட்டி முடிந்தபின் பிர்கிட் என்னைக் கூப்பிட்டார். உங்கள் சுத்தியலாலேயே கலசத்தை முடித்திருந்தார். உங்களுடையதை ஆட்டிவிட்டுத் தன்னுடையதை ஆட்டினார். நான் தலையசைத்தேன், இல்லை என்று. மணிகளைக் கழற்றி, உருக்கி, மறுபடி செய்தார். மறுபடியும் இல்லை என்றேன். அவர் ஒருமுறைகூடச் சலிக்கவில்லை. எனக்கு உங்கள் மணியின் குரல் அப்படியே வேண்டியிருந்தது. ஒரு பின்னேரம் இரண்டும் ஒத்துப்போயின. பிர்கிட் பட்டறை மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். நானும் அழுதேன்.

கலசங்களை முதன்முதல் சூட்டும் வழிபாட்டுக்குச் சபைத் தலைவி என்னை அழைத்தார். யூதக் கோயில் வாசலில் எப்போதும் காவலுக்கு நிற்கும் பொலிஸ் என் பையைத் திறந்து பார்த்தது. சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் உள்ளே போனைத் தொடக்கூடாது. வேதச் சுருள் வைக்கும் பேழையைத் திறந்து, வெல்வெற் போர்த்திய சுருளைத் தோளில் சாய்த்தபடி ஒருவர் சுற்றி வந்தார். மணிகள் ஒலித்தன. எல்லோரும் எழுந்து திரும்பினார்கள்.

என் அருகே வந்தபோது காதைக் கொடுத்துக் கேட்டேன். உங்களுடையதை மட்டும் ஒருமுறை கேட்டுவிட நினைத்தேன். எது உங்களுடையது என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்தும் பிடிபடவில்லை. பிர்கிட் அவ்வளவு சரியாகச் செய்திருந்தார். நான் அவ்வளவு சரியாகக் கேட்டிருந்தேன்.

"எது உங்கட அவர் செய்தது?" என்று தலைவி ஜெர்மனில் மெல்லக் கேட்டார்.

"தெரியேல்லை" என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். சுருள் கடந்து போய்விட்டது.

அந்த ஒலி இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டும் கலந்துதான் இருக்கிறது. ட்ராமில், வேலையிடத்தில், சோறு வேகும்வரை நிற்கையில், கண்ணை மூடி உங்களுடையதை மட்டும் பிரித்தெடுக்கப் பார்க்கிறேன். வருகிறதில்லை. நாளைக்கும் பார்ப்பேன்.