ஏழு பொட்டலங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். தொலைபேசியில் நீ பெரும்பாலும் எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் பேசறேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்று நம்பி எழுத உட்கார்ந்தேன். முடியும்தான். ஆனாலும் கடைசிப் பக்கம் வரை படித்துவிடு. அம்மாவும் நானும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம்.

முதலில் என் எரிச்சலை இறக்கி வைக்கிறேன். ஓட்டப் போட்டியில் எடுத்த உன் சிறுநீர் மாதிரியில் தடை செய்யப்பட்ட ஏதோ ஒன்று இருந்தது என்று நீ சொன்ன மறுநாளிலிருந்து ஊக்கமருந்துச் சோதனைக் குழுவின் அலுவலகத்துக்குப் பதினான்கு முறை பேசியிருக்கிறேன். தேதி, நேரம், பேசியவர் ஆணா பெண்ணா என்று நோட்டில் குறித்திருக்கிறேன். ஐந்து முறை இரண்டை அழுத்தச் சொல்லி, அழுத்தியதும் பாட்டுப் போட்டார்கள். ஒரு பெண் மட்டும் பொறுமையாகப் பேசினாள். வந்த மருந்தின் பெயர் என்ன என்று கேட்டேன். "அத ஓடின பொண்ணுகிட்ட மட்டும்தான் சார் சொல்லுவோம்" என்றாள். நான் அவளுடைய அப்பா என்றேன். "அப்பான்னா நீங்களே பொண்ணுகிட்டக் கேக்கலாமே சார்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

உன்னிடம் கேட்டேனே! நீ என்ன சொன்னாய்? "என்னமோ வாயில நுழையாத பேருப்பா, பவுடர் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றாய். நான் நம்பினேன். நீ பாலில் கலந்து குடிக்கிற புரதப் பொடியின் கம்பெனிக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் இருந்தவன் என்பதால் தொகுதி எண், தயாரிப்புத் தேதி எல்லாம் போட்டு, கொஞ்சம் மிரட்டலாகவே எழுதினேன். மிரட்டி எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீட்டில் மிச்சமிருந்த டப்பாவைக் குழுவின் சோதனைக்கூடமே வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பியது. அன்று அம்மா சும்மா இருக்கவில்லை. "டப்பாவுல இல்லாதது புள்ள உடம்புக்குள்ள எப்படி வந்துச்சாம், வானத்துலேர்ந்து குதிச்சுதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை உன் பயிற்சியாளர் பேசினார். எண்ணூறு மீட்டரில் உன்னைப்போல ஒருத்தி இன்னும் பத்து வருடத்துக்கு இந்தக் கல்லூரிக்கு வரமாட்டாள் என்று ஆரம்பித்து, அடுத்த வியாழக்கிழமை விசாரணை, அதற்குள் காரணம் காட்டாவிட்டால் இரண்டு வருடம் எந்தத் தடத்திலும் ஓட முடியாது என்று முடித்தார். இரண்டு வருடத்தில் உன் படிப்பே முடிந்துவிடும். அவராவது பெயரைச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "நீர் பிரியறதுக்கான மாத்திரை சார். எடையக் குறைக்கறதுக்கும், வேற மருந்து போட்டா மறைக்கறதுக்கும் எடுப்பாங்க. உங்க பொண்ணு எதுக்கு எடுத்தாளோ" என்றார். பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் உன் அம்மா தம்ளரில் தண்ணீரும் என் ரத்த அழுத்த மாத்திரையுமாக நிற்கிறாள். அட்டையை வாங்கிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டால் மட்டும் தெரிகிற எழுத்தில், இரண்டு மருந்துகள். இரண்டாவது, சற்றுமுன் நான் எழுதிக்கொண்டது. ஊருக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டியவன், ஆறு வருடமாகத் தின்கிற மாத்திரையின் அட்டையை முழுதாகப் படித்ததில்லை.

எனக்கு மாத்திரை தொண்டையில் இறங்காது என்பது உனக்குத் தெரியும். பீங்கான் கல்வத்தில் பொடித்துத் தண்ணீரில் கலந்து குடிப்பேன். "மாத்திரைய முழுங்கத் தெரியாத மனுஷன் முப்பது வருஷம் மருந்துக் கிடங்குல இருந்தாரு" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. புரதப் பொடி கட்டி கட்டியாக இருக்கிறது, பாலில் கரையவில்லை என்று நீ சொன்னபோது அதே கல்வத்தில் கட்டிகளை உடைத்து, சலித்து, தராசில் நிறுத்து, நாளுக்கு ஒன்றாக முப்பத்தொரு பொட்டலம் மடித்து, மேலே தேதி எழுதி அனுப்பினேன். உன் அறைத்தோழிகள் "என்னடி, உங்கப்பா கம்பவுண்டரா?" என்று சிரித்ததாகச் சொன்னாய். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

கல்வத்தை நான் கழுவவில்லை. துணியால் துடைத்தேன், அவ்வளவுதான். ஈரம் பட்டால் பொடி மறுபடியும் கட்டி தட்டிவிடும் என்று யோசித்துத்தான் அப்படிச் செய்தேன். யோசிக்காமல் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கிடங்கில் ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவில் கல்வத்தைக் கழுவாதவனிடம் நான் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறேன்.

இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மகளுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது என்பதற்காக நானே ஒன்றை ஜோடிக்கிறேனோ என்றும் தோன்றியது. தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் போய், ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல, துடைத்த கல்வத்தில் ஒட்டிய மாத்திரைத் தூசி சோதனையில் தெரியுமா என்று கேட்டேன். சில்லறை எண்ணிக்கொண்டே, "இப்ப இருக்கற மிஷினுக்கு மூச்சு விட்டாலே தெரியும் பெரியவரே" என்றார். அது பதிலா இல்லையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தப் பொட்டலங்களைச் சோதித்தால் நிச்சயமாக விளங்கும்.

இப்போது உன்மேல் இருக்கும் கோபத்துக்கு வருகிறேன். நேற்றுப் பயிற்சியாளரிடம் பொட்டலங்களைச் சோதனைக்குக் கொடுக்கச் சொன்னேன். "எல்லாம் தீந்துபோச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாளே சார்" என்றார். வீட்டில் யாராவது மருந்து சாப்பிடுகிறார்களா என்ற கேள்விக்கும் இல்லை என்று எழுதியிருக்கிறாயாம். எனக்குக் கணக்கு வரும், கண்ணு. போட்டி இருபத்துநான்காம் தேதி. அன்று மாலை நீயே கூப்பிட்டு, சீசன் முடிந்தது, "ஏழு பொட்டலம் மிச்சம் இருக்குப்பா, அடுத்த சீசனுக்கு வெச்சுக்கறேன்" என்றாய். என் மாத்திரை தீர்ந்தால் விடுமுறையில் கடைக்குப் போய் வாங்கிவருகிறவளும் நீதான். அட்டையிலிருக்கும் சின்ன எழுத்து உன் கண்ணுக்குத் தெரியாமலா போகும்? குழு மருந்தின் பெயரை உன்னிடம் சொன்ன அன்றே உனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்களிடம் வாயில் நுழையாத பெயர் என்றாய்.

ஏன் என்று எனக்குத் தெரியும். கிடங்கில் இருப்புக் குறைந்தது என்று என்மேல் விசாரணை வந்தபோது உனக்கு எட்டு வயது. மூன்று மாதம் நான் சோறு இறங்காமல் கிடந்ததையும், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதையும் பார்த்தாய். அந்த மாதிரி விசாரணை மேசைக்கு முன்னால் அப்பாவை இன்னொரு முறை நிற்க வைக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாய். யாரைக் கேட்டு முடிவு செய்தாய்? எனக்குப் பதிலாக நீ ஊக்கமருந்து போட்டவள் என்று பெயர் எடுப்பாய், நான் இங்கே உட்கார்ந்து மாத்திரை பொடித்துக் குடிப்பேன், அப்படித்தானே?

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ தடுப்பாய் என்பதால் உன்னைக் கேட்கவில்லை. இன்று காலை குழுவுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன். மூன்று தடவை எழுதிக் கிழித்து நான்காவதை அனுப்பினேன். கல்வத்தைக் கழுவவில்லை என்ற வரி நான்கிலும் இருந்தது. டாக்டர் சீட்டின் நகலும் மாத்திரை அட்டையும் உள்ளே வைத்தேன். கல்வத்தைத் துணியில் சுற்றிப் பீரோவில் பூட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை நேரில் கொண்டுவருவேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். "வழியில எங்கயாவது எறங்கித் திரும்பி வந்துடுவீங்க, எனக்குத் தெரியாதா உங்கள" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் என் கடிதம் வெறும் காகிதம். பெற்ற அப்பன் பெண்ணைக் காப்பாற்ற என்ன வேண்டுமானாலும் எழுதுவான் என்று அவர்கள் தள்ளிவிடலாம். அந்த ஏழு பொட்டலங்களைத் தள்ள முடியாது. நீ அவற்றைக் கொட்டிவிட்டிருப்பாயோ என்று நேற்றிலிருந்து பயந்துகொண்டிருக்கிறேன். கொட்டியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். அப்பா மடித்துக் கொடுத்ததை நீ கொட்டுகிற பெண் இல்லை. அவற்றைப் பிரிக்காமல், கை படாமல் ஓர் உறையில் போட்டு, இது கைக்குக் கிடைத்த அன்றே பயிற்சியாளரைச் சாட்சி வைத்து ஒப்படைத்துவிடு. முன்பு எழுதிக் கொடுத்தது தவறு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. பொய்யாக எழுதிக் கொடுத்ததற்குத் தனியாகத் தண்டனை உண்டாம். விசாரணைக்கு முன்பே திருத்தினால் குறையும் என்று பயிற்சியாளர் சொன்னார். எவ்வளவு குறையும் என்று அவருக்கும் தெரியவில்லை. அதை மட்டும் என்னால் உனக்குப் பதிலாக வாங்கிக்கொள்ள முடியாது.

அங்கே என்னைக் கேள்வி கேட்கும்போது "அப்பாவுக்கு ஞாபகம் சரியில்லை" என்று மட்டும் எழுந்து சொல்லிவிடாதே. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கை நடுங்கும், குரலும் நடுங்கும். நடுங்கிக்கொண்டே முழுதாகச் சொல்லி முடிப்பேன். பார்க்கக் கஷ்டமாக இருந்தால் அந்த நேரம் நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள், கண்ணு. எழுந்து மட்டும் வராதே.

உன் கால்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன்னைப் பார்க்க வியாழக்கிழமை வருகிற,
அப்பா