பச்சை என்றால் இடுப்பளவு

என் கோபக்கார அம்மாவுக்கு,

உன் பேராசிரியருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னாய். பேனா உன் பக்கம் திரும்பிவிட்டது.

நேற்று ஆய்வகத்துப் பெரிய திரையில், விருந்தினராக வந்த அரசு அதிகாரிகள் முன்னால், உன் வெள்ள வரைபடத்தில் வாத்தை நீந்தவிட்டது நான்தான். அதற்கு ஆயிரம் மன்னிப்பு, வாத்துக்கும் சேர்த்து. நிறத்தை மாற்றியதற்கு ஒன்றுகூடக் கிடையாது.

இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் பச்சையே காட்டட்டும் என்று அளவை மாற்றியவர் பேராசிரியர். "பயமுறுத்தாதீங்கம்மா, பார்க்க அழகா இருக்கட்டும்" என்றார். நீ தலையாட்டினாய். நான் உன் பழைய அளவைத்தான் திரும்பப் போட்டேன். ஆற்றோரத் தெரு சிவந்தது, அவர் முகமும் சிவந்தது.

அந்தத் தெருவில் பள்ளிக்கூடம் கட்டலாமா என்று பார்க்கத்தானே அவர்கள் வந்தார்கள்? உன் இடுப்பளவு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூக்குக்கு மேலே.

"எதும்மா சரியான படம்?" என்று அவர்களில் மூத்த அதிகாரி கேட்டபோது நீ தரையைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்து, "என் வேலை போயிடும்டா" என்று அழுதாய். போனால் போகட்டும். நான் குறைவாகச் சாப்பிடுகிறேன், சத்தியமாக.

நாளை அந்த அதிகாரி மறுபடி வருகிறார். நீ சொல். சொல்லாவிட்டால் நான் வாயைத் திறப்பேன். அதை மூட உன்னாலேயே இதுவரை முடிந்ததில்லை.

நீ பெற்ற,
வாலில்லாக் குரங்கு