ஆறாயிரம் அடி

என்னங்க,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிக்கொடுத்தபடி கீரை, முட்டை, பால் எல்லாம் உள்ளே போகிறது. உப்பைக் குறைத்ததில் நாக்குதான் செத்துவிட்டது. வாயாடிக்கு இது வேண்டும் என்று சிரிக்காதீர்கள்.

கிரேனில் உட்கார்ந்தபடி தினமும் உங்கள் போனில் என் நடைக்கணக்கைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறீர்களே, அந்த ஆறாயிரம் அடியும் உங்கள் அம்மா நடந்தது. மூன்று வாரமாக என் போனை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தைதான் மொட்டைமாடியைச் சுற்றுகிறார். “அவன் உசரத்துல வேலை பாக்கறவன். கவலைப்பட்டா கை தடுமாறும்” என்கிறார். அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

என்னைக் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் படுக்க வைத்துவிட்டார். ஒழுங்காகத்தானே சாப்பிட்டேன், ஒழுங்காகத்தானே நடந்தேன், எங்கே தப்பு என்று கேட்டேன். “உங்க மேல தப்பே இல்லம்மா” என்றார். தப்பு இருந்தால் திருத்திக்கொண்டிருப்பேனே!

குழந்தை அசைவதை எண்ணுவதுதான் இப்போது என் வேலை. நேற்று இந்நேரத்துக்குள் பன்னிரண்டு. இன்று மூன்று. டாக்டர் உடனே வரச் சொல்லிவிட்டார், வண்டிக்காகக் காத்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அத்தை நடப்பார். இன்றும் உங்களுக்கு ஆறாயிரம் என்றுதான் காட்டும். நம்பாதீர்கள்.

உங்கள்
வாயாடி