இல்லாத முழங்கால் வலி

ஜனவரி 12, 2025

காலையில் கார்த்தி சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வந்தான். பக்கத்தில் நாச்சியம்மை. கல்யாணமாகி இந்த வீட்டு மருமகள் முதன்முதலாக வாய்திறந்து ஒன்று கேட்கிறாள். "அத்தை, பிப்ரவரியில எங்களோட கப்பல்ல வாங்க. லங்காவி, புக்கெட்டெல்லாம் சுத்திட்டு வந்துரலாம். மாமாவையும் கூட்டிட்டு வாங்க."

இவர் போனுக்குள் தலையை நீட்டி, "மெதக்குற ஹோட்டல்ல எனக்கென்ன வேலை? உங்க அத்தையைக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

தேதியைப் பார்த்தேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரம். நம்மாட்கள் பழனிக்கு நடக்கிற வாரம்.

கார்த்திக்கு வயது ஏறிக்கொண்டே போய், பெண் அமையாமல் நான் அழுதுகொண்டிருந்த காலத்தில், "இவனுக்கு ஒரு கல்யாணத்தை முடிச்சுக் குடு, குன்றக்குடியிலிருந்து நடந்தே வாரேன்" என்று முருகனிடம் நேர்ந்துகொண்டது நான். முருகன் தன் வேலையை முடித்துவிட்டார். இந்தத் தை மாதம் என் முறை.

நாச்சியம்மையிடம் "பாக்கலாம்த்தா" என்றேன். முதன்முதலாகக் கூப்பிடுகிறவளிடம் எப்படி மாட்டேன் என்பது? சரி, அது மட்டுமா காரணம்? எனக்குக் கப்பலில் போக ஆசை. இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத!

ஜனவரி 15

முழங்கால் வலிக்கிறது என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 16

அப்படி ஒன்றும் முழுப் பொய் இல்லை. மாடிப்படி ஏறினால் ஒரு பிடிப்பு வரும். இந்த வயதில் யாருக்கு வராது? அதைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கினேன். "இந்த வருசம் என்னால நடக்க முடியாதுங்க. அடுத்த வருசம் போறேன். கப்பல்னா சும்மா உக்காந்துதானே இருக்கணும்?"

சரி என்பார், முடிந்தது கதை என்று நினைத்தேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "நேந்துக்கிட்டதைத் தள்ளிப் போடக் கூடாது விசாலி. வீட்டுல யாரு நடந்தா என்ன? ஒனக்குப் பதிலா நான் நடக்குறேன்."

இவர் வருடா வருடம் நடந்தவர்தான். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்த பிறகுதான் நிறுத்தினார். வெறுங்காலோடு வாசலைக்கூடத் தாண்டக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. "டாக்டர்..." என்று இழுத்தேன். "டாக்டர் என்ன முருகனுக்கு மேலயா?" என்று அடக்கிவிட்டார்.

அந்த இடத்திலேயே, எனக்கு வலியும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் டிக்கெட் போட்டாச்சு என்று கார்த்தி அதற்குள் செய்தி அனுப்பியிருந்தான். விழுங்கிவிட்டேன்.

பிப்ரவரி 3

குன்றக்குடிக்குப் போய் வழியனுப்பினேன். இவருடைய கூட்டாளி முத்துராமன் அண்ணன் இவர் தோளிலிருந்த சர்க்கரைக் காவடியைக் காட்டி, "சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரையைத் தூக்கிக் குடுத்திருக்கு பாருங்க" என்று சிரித்தார். "கவலைப்படாதீக ஆச்சி, நான் பாத்துக்கறேன்."

மாலை போட்டுவிட்டால் பேர் சொல்லக் கூடாது. ஆணானாலும் பெண்ணானாலும் எல்லோரும் சாமி. நானும் "பாத்துப் போங்க சாமி" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து "என்னங்க"விலேயே காலம் தள்ளிய எனக்குக் கூச்சமாக இருந்தது. இவருக்குச் சிரிப்பு. நடக்கத் தொடங்கியவர் திரும்பி, "முழங்காலைப் பாத்துக்க" என்றார்.

பிப்ரவரி 5

கப்பலில் இட்லிகூடக் கிடைக்கிறது. சாம்பார்தான் இனிக்கிறது. இவர் இன்றைக்குச் சிங்கம்புணரி தாண்டியிருப்பாரா?

பிப்ரவரி 7 — புக்கெட்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கரையில் இறங்கியதும் நாச்சியம்மை என்னை நேராக ஒரு மசாஜ் கடைக்குக் கூட்டிப்போனாள். சிங்கப்பூரிலிருந்தே போன் செய்து இடம் பிடித்து வைத்திருக்கிறாள். "உங்க முழங்காலுக்காகத்தான் அத்தை, மாமா சொன்னாங்க. ரொம்ப நல்லாப் பண்ணுவாங்களாம்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டாம் என்று எதைச் சொல்லி மறுப்பது?

நடுவயதுப் பெண் ஒருத்தி என் கால்களை ஒரு தாம்பாளத்தில் வைத்து, எலுமிச்சை மிதக்கும் வெந்நீரில் கழுவினாள். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்; விடவில்லை. பிறகு எண்ணெய். முழங்காலுக்கு வந்ததும் அவள் கை பூப்போல ஆகிவிட்டது. நாச்சியம்மை முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறாள். மெதுவாக அழுத்தி, "பெயின்?" என்று கேட்டாள். "எஸ்" என்றேன். பாவம், முகத்தைச் சுளித்து "உச்சு" கொட்டினாள். இல்லாத வலிக்கு அப்படி ஓர் அனுதாபம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுகமாக இருந்தது. என் உடம்பை யாராவது இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடித்துவிட்டு எத்தனை காலம்! தூங்கியே போனேன். குறட்டை விட்டேன் என்று நாச்சியம்மை சிரிக்கிறாள்.

விழித்தபோது போனில் முத்துராமன் அண்ணன் அனுப்பிய படம். நத்தத்தில் பந்தல் போட்டு யாத்திரைக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடுகிறார்கள். இவர் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார். யாரோ ஒரு ஆள் இவருடைய பாதத்தை மடியில் வைத்துத் தைலம் தேய்க்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்குட்டும் மசாஜா!" என்று எழுதி, சிரிக்கிற பொம்மையும் போட்டு அனுப்பினேன்.

அப்புறம்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பாதத்தில் துணி சுற்றியிருந்தது. பெருவிரல் பக்கம் ஈரமாக ஒரு கறை. பூசிய மஞ்சளாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை — மஞ்சளாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பெண் என் தோளைத் தொட்டு, திரும்பிப் படுக்கச் சொன்னாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8

போன் போட்டேன். முத்துராமன் அண்ணன்தான் எடுத்தார். "சாமி நல்லாருக்காக ஆச்சி. லேசாக் கொப்புளம். அவுகளுக்கு வலியே தெரியலையே!"

வலி தெரியாததுதானே வியாதி.

பிப்ரவரி 14

நேற்று வீடு வந்தேன். இவர் எனக்கு முன்னாலேயே பழனியிலிருந்து வந்துவிட்டார். வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "முழங்கால் எப்படி இருக்கு?"

இன்று காலை பக்கத்தில் போனபோது நாற்றம். சாக்ஸை நான்தான் உருவினேன். ஐயோ முருகா. பெருவிரல் கறுத்துக் கிடக்கிறது. உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர்.

பிப்ரவரி 17 — மதுரை

பெருவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தப்புமா என்பது இனிமேல்தான் தெரியுமாம்.

பிப்ரவரி 25

பார்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் இவர் ஒரே பேச்சுத்தான்: "இவளுக்கு முழங்கால் முடியல. அதான் நான் நடந்தேன். முருகன் ரெண்டு வெரலோட விட்டானே!" இவரைப் பாராட்டிவிட்டு, அப்படியே என் பக்கம் திரும்பி, "ஆச்சி, ஒங்களுக்கு முழங்கால் தேவலையா?" என்கிறார்கள்.

"பரவாயில்ல" என்கிறேன். இன்று பெரிய வீட்டு ஆச்சி வந்திருந்தபோது, தண்ணீர் எடுக்க எழுந்தவள் என்னையறியாமல் நொண்டினேன். நொண்டினேன்! இப்படியும் ஒரு பிறவி.

மார்ச் 9

பாதம் தப்பித்தது. வீட்டுக்கு வந்துவிட்டோம். காலையும் மாலையும் நானே கட்டுப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டுகிறேன். அப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 11

சொல்லிவிட்டேன். கட்டுப் போடும்போதே, குனிந்த தலை நிமிராமல், எல்லாவற்றையும். முழங்கால், கப்பல் ஆசை, போனைக் கவிழ்த்து வைத்தது வரைக்கும்.

திட்டுவார் என்று பார்த்தேன். "கப்பல்ல போக ஆசையா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். "அந்த அளவுக்கா என்னைய நெனச்ச?"

பாதத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

மார்ச் 12

"இனிமே கட்டுப் போட நர்ஸ் வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

மே 20

சத்தியப்பிரியா என்று ஒரு நர்ஸ் பெண் தினமும் வந்து கட்டுகிறாள். நான் அடுப்படியில் நிற்கிறேன். சாப்பாடு, மாத்திரை, கரண்ட் பில் — இவற்றுக்கு மட்டும் பேச்சு. கோபமாகக்கூடப் பேசுவதில்லை. கத்தித் தீர்த்தால் தேவலை.

ஆகஸ்ட் 3

புண் ஆறிவிட்டது. விரல் இல்லாத பாதத்துக்கென்று செய்த செருப்பு வந்திருக்கிறது. மாட்டிவிடக் குனிந்தேன். "நான் போட்டுக்கறேன்" என்றார்.

டிசம்பர் 30

பழனிக்குப் போகிறேன் என்று சொன்னேன். "நேர்த்திதான் கழிஞ்சு போச்சே" என்றார். "அது நீங்க கழிச்சது. நான் நடக்க வேண்டியது அப்படியே இருக்கு" என்றேன். போகாதே என்று சொல்லவில்லை.

ஜனவரி 24, 2026

குன்றக்குடியில் மாலை போட்டுக்கொண்டேன். வழியனுப்ப இவர் வரவில்லை.

ஜனவரி 28 — நத்தம்

குதிகால் இரண்டும் வெடித்துவிட்டன. கொப்புளத்தின் மேல் கொப்புளம். தார் ரோட்டில் ஒவ்வொரு அடிக்கும் உயிர் போகிறது. எனக்கு உணர்ச்சி இருக்கிறது, அதனால் அழவாவது முடிகிறது. இவருக்கு அதுவும் இல்லாமல் போயிற்றே என்று நினைத்தபடியே நடந்தேன்.

மதியம் பந்தலைக் கண்டதும் போய் விழுந்தேன். கால் பிடித்துவிட ஒருவர் வந்தார். வேண்டாம் என்று காலை மடக்கிக்கொண்டேன். புக்கெட்டுக்குப் பிறகு என் காலை யாரும் தொட விட்டதில்லை.

அவர் நகர்ந்து போனார். எதிரே இன்னொரு நாற்காலியை யாரோ இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. முதலில் கண்ணில் பட்டது அந்தச் செருப்புத்தான். பின்னால் முத்துராமன் அண்ணன் கார்ச் சாவியோடு நின்றிருந்தார்.

இவர் மடியில் ஒரு துண்டை விரித்தார். கையில் தைல பாட்டில். சுற்றிலும் அத்தனை பேர், தெரிந்த முகங்கள் வேறு. மாலை போட்டவளைப் பேர் சொல்லக் கூடாது அல்லவா?

"காலை நீட்டுங்க சாமி" என்றார்.

நான் நீட்டவில்லை. இவரே குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொப்புளத்தைத் தொடாமல், சுற்றிலும் மெல்லத் தேய்த்தார். கண்ணீரைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கை மேலே ஏறி முழங்காலில் நின்றது. லேசாக அழுத்தினார்.

"இங்க வலிக்குதா?"

"இல்லைங்க" என்றேன். "அங்க மட்டும் வலிக்கல."

தலையை ஆட்டிவிட்டு, அடுத்த காலை எடுத்தார்.