தேசிக்காய் நசியவில்லை

அன்பு மச்சான்,

நீ இருந்திருந்தால் இன்றைக்குக் காறித் துப்பியிருப்பாய். உனக்கும் சேர்த்து நானே துப்பிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

உன் ஆண்டுத்திவசம் முடிந்த கையோடு வாசிகசாலைக்காரர் என் கடைக்கு வந்தார்கள். "உங்கடை மச்சான்ரை ஞாபகமாய்ப் பிள்ளையளுக்குக் கார்ப் போட்டி வைக்கப்போறம். பலகை வேணும் அண்ணை" என்றார்கள். லொறியிலிருந்து மூட்டைகளைச் சறுக்கி இறக்கும் என் நீளப் பலகைதான். இந்தத் தட்டை ஊரில் வேறு மேடு ஏது? சண்டைக்காலப் பொருளாதாரத் தடையால் பற்றறியும் விளையாட்டுச் சாமானும் வராமல் போனபோது, அதைக் கடைப்படியில் சாய்த்து மரக்கட்டைக் கார்களை உருள விட்டவன் நீ. வாசலை மறித்து யாவாரத்தைக் கெடுக்கிறாய் என்று நான் எவ்வளவு கத்தினேன்!

உன் சட்டம் ஒன்றே ஒன்று: பிள்ளையின் காரில் பெரியவர் கை படக்கூடாது. அதை நம்பித்தான் உன் மகள் வாணி வேப்பங்கட்டையை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். பழைய செருப்பில் வெட்டிய சில்லு, சைக்கிள் கம்பியில் அச்சு. கோணல் கார்தான். ஆனால் ஓடியது, மச்சான். அப்பாவின் பேரில் நடக்கும் ஓட்டத்தில் தன் கையால் செய்தது ஓடவேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

போய்ப் பார்த்தால், வந்திருந்தவை தகப்பன்மாரின் கார்கள். தச்சனிடம் இழைப்பித்து, வார்னிஷ் பூசி, அடியில் ஈயம் உருக்கி ஊற்றி... பிள்ளைகள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தச் சின்னதுகளை வெயிலில் காயவிட்டு, ஒவ்வொருவராக எழும்பி உன் புகழ் பாடினார்கள். உன்னை "கட்டையோடை விளையாடுற விசரன்" என்ற அதே வாய்கள்.

பிறகு வாசிகசாலைத் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. "புது வாகனமெல்லே? தேசிக்காய் வைச்சு எடுக்காமல் ஓடவிடலாமோ?"

புது லொறியின் சில்லுக்கடியில் எலுமிச்சங்காய் வைத்து நசிப்பதுபோல, உள்ளங்கை அளவு காருக்குத் தேசிக்காய்! உன் மகள் என்பதால் மரியாதையாக வாணியின் காரைத்தான் முதலில் எடுத்தார். சில்லுக்கடியில் தேசிக்காயை வைத்து, நசியட்டும் என்று மேலிருந்து அமுக்கினார். தேசிக்காய் நசியவில்லை. அச்சு வளைந்து சில்லு கழன்று ஓடியது.

சனம் சிரித்தது. "அழாதை பிள்ளை, என்ரை மகனுக்கு ரெண்டு கார் கிடக்கு. ஒண்டை உன்ரை எண்டு விடு" என்றான் ஒரு தகப்பன்.

அவள் அழவேயில்லை. "அது நீங்கள் செய்தது. உங்கடை பேரிலை விடுங்கோ" என்றாள்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. பலகையின் ஒரு நுனியைத் தூக்கினேன். தலைவர் பதறி ஓடிவந்தார்.

"என்ன அண்ணை, போட்டி இன்னும் தொடங்கேல்லை!"

"போட்டி உங்கடை. பலகை என்ரை. நிலத்திலை வைச்சுத் தள்ளுங்கோ."

மறுநுனியை வாணி பிடித்தாள். பாதி வழியில் பாரம் குறைந்தது. திரும்பிப் பார்த்தால், வார்னிஷ் கார்களை விட்டுவிட்டு நாலைந்து பிள்ளைகள் நடுவில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்!

பலகை இப்போது கடைப்படியில் சாய்ந்து கிடக்கிறது. வாணி புது அச்சு வெட்டுகிறாள். "கொஞ்சம் பிடிச்சு விடட்டோ?" என்று கேட்டேன். "கையை எடுங்கோ மாமா!" என்று அதட்டினாள். உன் குரல்தான், மச்சான்.

நாளைக்கு வாசல் மறிபடும். யாவாரம் கெடும். கெடட்டும். உன்மேல் ஆணை, எந்தத் தகப்பனையும் கிட்ட விடமாட்டேன்.

இப்படிக்கு,
வாணியின் காரில் கைவைக்காத தாய்மாமன்